பெரிய சிப்பு வாங்கிய சித்தப்பன் எழுதுவது

கண்ணு, இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். கம்ப்யூட்டர் வாங்கும் முன்பே சொன்னேன், வாங்கின பிறகும் சொன்னேன். அந்தப் பெட்டி இந்த வீட்டுக்குள் வந்தால் ஒன்று அது இங்கே நிற்கும், இல்லை நீ இங்கே நிற்பாய், இரண்டும் சேர்ந்து நிற்காது என்று உன் சித்தியிடம் அடுப்படியில் வைத்தே சொன்னேன். நீ மெட்ராசுக்குப் போவாய் என்றும் சொன்னேன், அங்கிருந்து கடல் தாண்டுவாய் என்றும் சொன்னேன். கருமத்தம்பட்டியில் பாதிப் பேர் இதற்குச் சாட்சி. சொன்ன சொல் பலிக்கிற நாக்கு என்று என்னைப் பற்றி நானே பெருமையடித்துக்கொண்டு திரிந்தது உண்டு. இப்போது அந்த நாக்கை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவையாவது நான் சொன்னது பொய்த்துப் போயிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

நேற்று உன் போன் வந்திருக்கிறது என்று டெலிபோன் பூத்தில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் உன் சித்தி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே வந்தேன். அடுத்த வாரம் சிங்கப்பூர் போகிறாய், மெட்ராசிலேயே விமானம் ஏறுகிறாய், வீட்டுக்கு வந்துவிட்டுப் போக நேரம் இல்லை. இவ்வளவும் அவள் போனில் உன்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "சித்தப்பா இங்கதான் நிக்கறாருங் கண்ணு, குடுக்கட்டுமா?" என்றாள். நீ என்ன சொன்னாய் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவள் ரிசீவரை வைத்துவிட்டு, "காசு ஓடுதாமுங்க" என்று மட்டும் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். உன் விலாசம் உன் சித்திக்குத்தான் தெரியும், எனக்குத் தர மாட்டாள். இதை அவள் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவாளாம். ஊரே படித்தாலும் எனக்குக் கவலையில்லை, நீ படித்தால் சரி.

உன்னைப் பெற்றவர் என் அண்ணன். அவர் போய்ச் சேர்ந்தபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தகப்பன் என்று கேட்ட இடத்திலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை உன் வாத்தியார் ஒருத்தர் பார்த்து, "இஞ்சினீயர் கையெழுத்து மாதிரி இருக்குதுங்க" என்று சொன்னார். நான் ஆறாவது பாதியில் நின்றவன் என்று அவருக்கு யார் சொல்வது. நம் பாட்டன் அடுத்தவர் தோட்டத்தில் அடுத்தவர் கிணற்றில் நீர் இறைத்தே ஆயுளை முடித்தவர். அதே கிணறுகளுக்கு மோட்டார் காயில் கட்டிக் கொடுத்தவன் நான். சோமனூரில் இருந்து மதுக்கரை வரைக்கும் நான் கை வைக்காத மோட்டார் கிடையாது. கேரளாவில் இருந்துகூட லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சரி, ஒரு லாரி வந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறது. நீ கம்ப்யூட்டர் வேலைக்குத்தானே போகிறாய். அதனால் கம்ப்யூட்டர் வைத்தே சொல்கிறேன். சிரிக்காமல் படி.

நீ கேட்டது பெரிய விஷயமே இல்லை. டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, நம் மோட்டார் கடைக்குப் பக்கத்து அறையில் கேம் விளையாடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் போடலாம், தறிக்காரப் பிள்ளைகள் வந்து அரை மணி, ஒரு மணி விளையாடிவிட்டுப் போவார்கள், ஒன்று ஓடினால் இரண்டாவது போடலாம் என்றாய். ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே ஒரு பிழைப்பு. அதைக் கேட்டதும் உன் சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், நான் மூக்கைச் சிந்திச் சமாளித்தேன். ஆடம்பரமாக வேண்டாம் சித்தப்பா, நடுத்தரமாக ஒன்று போதும் என்றாய். அங்கேதான் கண்ணு வினை. என் அப்பன் ஆயுள் முழுக்க "இப்பைக்கு இது போதும்" என்றே வாங்கியவர். ஓட்டைச் சைக்கிள், அடுத்தவர் போட்டுக் கழித்த சட்டை, கைப்பிடி போன குடை. போதும் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். உனக்கு அது தெரியாது. நான் சொன்னதில்லை.

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் சலீம் பாய் கடைக்கு இரண்டு பேரும் போனோமே, அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது. பாய் ரேடியோ ரிப்பேரில் இருந்து டி.வி.க்கு வந்து, டி.வி.யில் இருந்து கம்ப்யூட்டர் கோர்ப்பதற்கு வந்தவர். எங்களுக்குள் ஒரு தொழில் மரியாதை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அவர் எடுத்து வைத்த சிப்பு பாட்டுக் கேசட் அளவுக்கு இருந்தது. இதுதான் பெட்டிக்கு மூளை, புராசஸர் என்றார்.

"அண்ணா, தம்பி கேக்கறது சரிதானுங்க. நடுத்தரமா ஒரு கேம் பொட்டிக்கு செலரான்னு இந்தச் சின்னச் சிப்பே போதுமுங்க. மிச்சத்தை வீடியோ கார்டுல போட்டுருங்க. படத்தை வரையறது அதுதான்."

"போதும்ங்கற சாமான் எங்க ஊட்டுக்கு வேண்டாம் பாய். இதுல எது பெருசு?"

"பெருசுன்னா பென்டியம் டூ. அதை எடுத்தா கார்டு சொருக ஓட்டை இருக்கும், கார்டு வாங்கக் கையில காசு இருக்காதுங்ணா."

"அது எத்தனை மெகாஹெர்ட்ஸ், இது எத்தனை?"

அவர் சொன்னார். நான் கேட்டேன், "இது நம்ம மோட்டாருக்கு ஹார்ஸ் பவர் மாதிரித்தானுங்களே?"

பாய் தாடியைச் சொறிந்தார். "மாதிரின்னா மாதிரி. முழுசா அப்படியும் சொல்ல முடியாதுங்க."

"மாதிரின்னு ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும்" என்றேன். நீ குறுக்கே வந்தாய். "சித்தப்பா, ரெண்டும் ஒரே ஸ்லாட்டுலதான் உக்காருமுங்க. இப்ப சின்னதைப் போட்டுக்கலாம், கார்டு நல்லதா எடுத்துக்கலாம். அப்புறம் வருமானம் வந்தா அதே எடத்துல பெருசை மாத்திக்கலாமுங்க." எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். பாய்கூட, "தம்பி படிச்ச படிப்பு வீண் போகலை" என்றார். படிச்ச படிப்பு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டேன்.

அப்புறம் வீட்டில் நடந்தது பாரதப் போர். நீ பேப்பரில் படம் போட்டுக் காட்டுவாய், நான் படத்தைப் பார்க்காமல் உன் சித்தியைப் பார்ப்பேன். அவள்தான் பொறுக்க முடியாமல், "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க" என்றாள். நம் ஊரில் கிணறு வெட்டக் கேட்போம், பெண் எடுக்கக் கேட்போம், பொலிகாளை விற்கக் கேட்போம். சிப்பு வாங்கப் பூக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன், கொங்கு நாட்டிலேயே. பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து மாரியம்மன் காலடியில் போட்டுவிட்டு, "என்னன்னு கேக்கறதுங்க? பெருசுன்னா எது, சின்னதுன்னா எது, ஆத்தாளுக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க" என்றார். நான் உன்னை முந்திக்கொண்டு, "பெரிய சிப்பு வாங்கலாமா, வேண்டாமா? வாங்கலாம்னா வெள்ளை, வேண்டாம்னா சிவப்பு" என்றேன். எடுத்தார், பிரித்தார். வெள்ளை அரளி. கோயிலுக்குள் நான் கை தட்டாத குறை.

"கார்டைப் பத்திக் கேக்கவே இல்லையேங்க சித்தப்பா" என்றாய் நீ.

"ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான் தம்பி" என்றார் பூசாரி.

ஆத்தாள் பொய் சொல்லவில்லை கண்ணு. கேட்டதற்குத்தான் அவள் பதில் சொல்வாள். பெரிய சிப்பு வாங்கலாமா என்று கேட்டால் வாங்கிக்கொள் என்கிறாள், நல்ல சாமான்தானே, அதில் என்ன குற்றம். என்ன விளையாட்டு ஓடப் போகிறது, அதற்கு எது வேண்டும், இருப்பதை எதெதற்குப் பிரித்துப் போடுவது என்று கேட்கிற வேலை நம்முடையது. நான் கேள்வியை என் பக்கமாக வளைத்துக் கேட்டுவிட்டு, பதிலைச் சாமி தலையில் கட்டினேன். நீ கோயிலில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று பேசாமல் வந்துவிட்டாய். சிங்கப்பூரில் உன்னிடம் யாராவது எந்தச் சிப்பு நல்லது என்று கேட்டால், உடனே பதில் சொல்லிப்போடாதே. உங்களுக்கு எதற்கு என்று திருப்பிக் கேள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததில்லை. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மதுக்கரைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு உன்னைக் கூட்டிப் போயிருந்தேன். மூன்று குதிரைச் சக்தி போதுமான கிணறு. நான் ஏழரை போடச் சொல்லி ஏற்றிவிட்டேன், தோட்டக்காரருக்கும் பெருமை, எனக்கும் பெருமை. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் யானைத் துதிக்கை மாதிரி கொட்டியது. ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் கிணறு காலி, குழாயில் காற்றுதான் வந்தது. நீ வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துகொண்டு, "மோட்டார் நல்லாத்தான் ஓடுதுங்க சித்தப்பா, தண்ணிதான் இல்லை" என்றாய். நான் தோட்டக்காரரிடம் ஊற்றுக்கண் மாறிப்போய்விட்டது என்று ஒரு கதை விட்டேன். கிணற்றுக்குத் தக்க மோட்டார், மோட்டாருக்குத் தக்க குழாய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய், கம்ப்யூட்டர் என்றதும் எங்கே போயிற்று? புது சாமான் என்றால் பழைய புத்தி உதவாது என்று நினைத்துவிட்டேன். உதவும் கண்ணு. உனக்கும் அங்கே உதவும்.

திறப்பு நாளைப் பற்றி எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அதை எழுதாமல் உன்னை எப்படி வா என்று கூப்பிடுவது. தறிக்காரர்கள், டீக்கடைக்காரர், எதிர்த்த மளிகைக்காரர், அவர் மருமகன் என்று ஊரையே நான் கூட்டி வைத்திருந்தேன். தென்னிந்தியாவிலேயே இவ்வளவு பெரிய சிப்பு கோயமுத்தூருக்குக் கிழக்கே எங்கேயும் இல்லை என்று சொல்லி வைத்திருந்தேன். நீ கார் ரேஸ் கேமைப் போட்டாய். சத்தம் பிரமாதமாக வந்தது. கார் மட்டும் ஒரு இடத்தில் நிற்கும், அப்புறம் வேறு இடத்தில் நிற்கும், நடுவில் எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது. படத்தை வரைய ஆள் இல்லாமல் மூளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் என் தோளில் கை போட்டார். "ஏனுங் மோட்டார்காரரே, இது கார் ஓட்டற பொட்டிங்களா, போட்டோ புடிக்கற பொட்டிங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். நான், "பொட்டி நல்ல பொட்டிங்க. ஓட்டறவன் கைதான் சரியில்லை" என்றேன். இப்போது எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். சுவிட்சை அணைத்துவிட்டு, "கரண்டு போயிருச்சுங்க. இன்னொரு நாளைக்கு வாங்க" என்றாய். எதிர்வாடையில் தறி தடக்தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது, அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கரண்டு போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். நான் அவ்வளவு சொன்ன பிறகும் எனக்காக நீ சொன்ன பொய் அது. நான் வாழ்நாளில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஒன்றாவது அந்த மாதிரி இன்னொருத்தர் மானத்துக்காகச் சொன்னதா என்று யோசித்துப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து நீ பேசினது ஒரே பேச்சு. "நான் பெருசா ஒண்ணும் கேக்கலீங்க சித்தப்பா. ஒரு கார்டுதானுங்க கேட்டேன்." அப்போதாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வோல்டேஜ் குறைவு என்றேன். வெயில் என்றேன். அந்த வாரமே நீ ரயில் ஏறிவிட்டாய். ஸ்டேஷனுக்கு நான் வந்தேன் என்று உனக்குத் தெரியாது. பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்றேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தைப் பிரித்துவிட்டாய், வெளியே பார்க்கவே இல்லை.

நீ போன பிறகு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பாய் கடைக்குப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது கம்ப்யூட்டர் விஷயத்தில் பாய்க்கே நான்தான் யோசனை சொல்கிறேன். மெகாஹெர்ட்ஸ் என்பது சக்கரம் சுற்றுகிற வேகம், அவ்வளவுதான், சுற்றுகிறதெல்லாம் தண்ணீர் ஆகாது. சிப்புக்குள்ளேயே கேஷ் என்று ஒன்று இருக்கிறது, அது கிணற்றுக்கு ஓடாமல் கை நீட்டி மொண்டுகொள்ளும் சின்னத் தொட்டி. முதலில் வந்த செலரானில் அந்தத் தொட்டி கிடையாது, பின்னால் வந்ததில் உண்டு, நடுத்தரமான கேம் பெட்டிக்கு அந்தத் தொட்டி வைத்ததே தாராளம். மிச்சத்தில் படம் வரைகிற கார்டு, அதற்கு மேல் மிஞ்சினால் மெமரி. பவர் சப்ளை பெட்டியில் கஞ்சத்தனம் கூடாது. இதையெல்லாம் நீ அன்றைக்கே பேப்பரில் எழுதிக் காட்டியதுதான் என்று பாய் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

போன வாரம் கம்ப்யூட்டர் பெட்டியை வேட்டியில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உக்கடம் போனேன். கண்டக்டர் உள்ளே என்ன கோழியா என்று கேட்டார். பாய் பெரிய சிப்பை எடுத்துக்கொண்டு, தொட்டி வைத்த செலரானையும் ஒரு நல்ல கார்டையும் கொடுத்தார். "இருங்கண்ணா, மாட்டித் தாரேன்" என்றார். "காயில் கட்டற கைக்கு இது ஒரு வேலைங்களா பாய்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தேன், மாட்டினேன், சுவிட்சைத் தட்டினேன். கண்ணு, கார் என்ன ஓட்டம் ஓடுகிறது தெரியுமா. மலைப்பாதையில் வளைந்து வளைந்து எண்ணெயில் வழுக்கின மாதிரி போகிறது, ரோட்டோர மரத்து நிழல் காரின் மேல் விழுந்து விழுந்து நகர்கிறது. டீக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. உன் சித்தியே ஒரு ரவுண்டு ஓட்டினாள், பாலத்தில் மட்டும் லேசாக இடித்தாள். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று அந்தப் பெட்டி ஊருக்கே காட்டுகிறது. இதை நீ ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் என்ன. இரண்டாவது பெட்டியும் போடலாம், அறை சும்மாதான் கிடக்கிறது. போயே தீர வேண்டும் என்றால் போ, நான் தடுக்கவில்லை. அந்த அறையில் ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போ.

இது வரைக்கும் எழுதி உன் சித்தியிடம் ஒட்டச் சொல்லிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தாள். முன் பக்கங்களுக்கெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"ஏனுங், நான் எப்பங்க காரு ஓட்டினேன்?"

"ஒரு அழகுக்கு எழுதினேன்."

"அந்த அழகை நம்பி அவன் டிக்கெட்டை மாத்திட்டு வந்து, பொட்டி கருகருன்னு நின்னா, மறுக்கா இந்த ஊட்டுப் பக்கம் எட்டிப் பாப்பானுங்களா?"

"வந்தப்புறம் பாத்துக்கலாம் அம்மணி."

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தானுங்க அவன் போனான்" என்றாள். கவரை என் முன்னாலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரி. கார் ஓடவில்லை கண்ணு. சிப்பை மாற்றியது நிஜம், கார்டு வாங்கியது நிஜம், ஓட்டம் மட்டும் நான் கட்டினது. சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டேன். பாயிடம் எடுத்துப் போகலாம் என்றால், அவரிடமும் பிரமாதமாக ஓடுகிறது என்று சொல்லிப்போட்டேன். கார்டு சரியாக உட்காரவில்லையா, சிப்பை அழுத்தின அழுத்தில் ஏதாவது போய்விட்டதா, என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூடியைக் கழற்றினபடியே வைத்திருக்கிறேன். நீ வந்து பார்க்கிற வரைக்கும் இனி நான் அதில் கை வைக்க மாட்டேன்.